இருபத்தாறாம் எண்ணுக்கு வந்த சாக்லேட்டுகள்

என் புருஷனை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்று சொன்னால் அது பொய். பதினாறு வருஷமாக ஒரே கிளப்பில் கால்பந்து ஆடுகிறவரை எப்படித் தெரியாமல் போகும்? “ஓ, இசோபேயா, இன்னும் இருக்காரா?” என்று கேட்கிற அளவுக்குத் தெரியும். அந்த “இன்னும்” இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மைதானத்தில் எனக்கு முன் வரிசையிலும் பின் வரிசையிலும் பத்தாம் எண் சட்டைதான். பத்து என்றால் ஹயாசே ஷுன்தாரோ. கைக்குழந்தைக்குக்கூடப் பத்தாம் எண் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கிளப் கடையில் அவர் முகம் போட்ட துண்டு, விசிறி, சாவி வளையம், போதாக்குறைக்கு அரிசிப் பை. மனுஷர் முகத்தைப் பார்த்தபடிதான் இந்த ஊரில் பாதிப்பேர் உலை வைக்கிறார்கள். என் புருஷனுடைய இருபத்தாறாம் எண் சட்டை மொத்த மைதானத்திலும் ஒன்றே ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான்.

ஷுனும் என் குனிஹிரோவும் ஒரே வசந்தத்தில் பள்ளி முடித்து, ஒரே நாளில் கிளப்பில் சேர்ந்தவர்கள். கூட முகாய் என்று மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர் இருபத்துமூன்று வயதிலேயே விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் விற்கப் போய்விட்டார், புண்ணியவான். ஒரே வருஷம் சேர்ந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் தப்ப முடியாது. ஒருவர் எவ்வளவு உயரம் என்று பார்க்க மற்றவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே இருப்பார்கள். ஷுன் நூறாவது கோல் அடித்த அன்று பத்திரிகைக்காரன் குனியிடம் வந்து, அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். அன்று குனியும் ஆடியிருந்தார். அதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

ஷுன் கெட்டவராக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். அதற்கும் வழியில்லை. புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருவார், பாத்திரம் கழுவுவார், போகும்போது என் செருப்பையும் சேர்த்து நேராக அடுக்கிவைத்துவிட்டுப் போவார்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம்தான். பழகாதது ஒன்றே ஒன்று, ஒவ்வொரு பிப்ரவரியிலும் கிளப் நடத்துகிற சாக்லேட் கூத்து.

காதலர் தினத்துக்குப் பெண்கள் ஆட்டக்காரர்களுக்குச் சாக்லேட் அனுப்புவார்கள். கிளப் ஆபீசில் அதை ஆள் போட்டு எண்ணுவார்கள். எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா? இருபத்தெட்டுப் பேரையும் வரிசைப்படுத்தி, போட்டோ போட்டு, பக்கத்தில் எண்ணிக்கை போட்டு, கிளப்பின் இணையப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி வெளியிடுவார்கள். போன வருஷம் முதல் இடம் ஹயாசே ஷுன்தாரோ, அறுநூற்றுச் சொச்சம். இருபத்தெட்டாவது இடம் இசோபே குனிஹிரோ, இரண்டு. ஒன்று என் மாமியார் அனுப்பியது. இன்னொன்று கிளப்பில் தரை துடைக்கிற அம்மா, போகிற போக்கில் கையில் கொடுத்தது.

நான் கொடுத்தது கணக்கில் வராது, அது வீட்டோடு. அதைச் சொல்லி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். சிரித்தார். ஆனால் அந்தப் பக்கத்தைப் போனில் மறுபடி மறுபடி திறந்து பார்த்ததை நான் கவனிக்காமல் இல்லை.

இந்த வருஷம் ஜனவரியில் டாக்டர் சொல்லிவிட்டார். வலது முழங்காலில் குருத்தெலும்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இன்னும் ஒரு வருஷம் ஆடினால் நாற்பதுக்குள் செயற்கை மூட்டு, அதற்கு முன்னாலேயே படியேறுவது பெரும்பாடு. நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அதே மாதம் அவருடைய சொந்த ஊரான நகாதோவிலிருந்து மீனை அரைத்து மீன் கேக் செய்கிற ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். சரக்கு அனுப்புகிற பிரிவில் வேலை, சாயங்காலம் கம்பெனி அணிக்குப் பயிற்சி கொடுக்கலாம், ஏப்ரலில் சேரலாம், பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொன்னால் போதும் என்றார். கிளப்பும் போவதானால் தாராளமாகப் போகலாம் என்றது. அவ்வளவு தாராளமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குனியும் பாதிக்கு மேல் மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார். நகாதோவில் வாடகை வீடு எப்படிக் கிடைக்கும் என்றுகூடப் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு நாள் கொதாட்சு என்கிற கணப்பு மேஜைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு, ஆரஞ்சை உரித்தபடி சொன்னார்.

“போயிடலாம் கனாயே. இருக்கேனா போறேனான்னு கேக்கக்கூட ஆள் இல்ல.”

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். போகட்டும், நல்லபடியாகப் போகட்டும், ஆனால் கடைசிப் பட்டியலிலும் இருபத்தெட்டாவது ஆளாக நின்றுவிட்டுப் போகவேண்டாம். பதினாறு வருஷம் ஓடின மனுஷர் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். அவ்வளவுதான் என் திட்டம். கடவுள் சத்தியமாக அவ்வளவுதான்.

பெயரில்லாமல் வருகிற பார்சலைக் கிளப் எண்ணாது, பாதுகாப்பு என்று குப்பையில் போட்டுவிடும். ஆகவே பெயர் வேண்டும், விலாசம் வேண்டும். எனக்கு எங்கே கற்பனை? பரணிலிருந்து என் நடுநிலைப் பள்ளி ஆல்பத்தை இறக்கினேன். எங்கள் காலத்தில் ஆல்பத்தின் கடைசியில் வகுப்பு முழுவதன் பெயரும் வீட்டு விலாசமும் அச்சடித்திருப்பார்கள். மூன்றாம் வருஷம், இரண்டாம் பிரிவு, என்னைத் தவிர நாற்பத்தொரு பெண்கள். பள்ளி முடிந்த கையோடு அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது, அந்த ஊர்ப் பக்கமே அப்புறம் நான் போகவில்லை. ஒருத்தி முகமும் சரியாக நினைவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

சூப்பர் மார்க்கெட்டில் பொரியல் பிரிவில் எனக்கு வேலை. வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு கடையிலாக வேறு வேறு பெட்டியாக வாங்கினேன். ஆறு பேனா மாற்றினேன். சிலதை இடது கையால் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வரி, “எப்போதும் ஆதரிக்கிறோம்”, “காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்”. தபால் முத்திரை சந்தேகப்படுத்தக்கூடாதே என்று, அப்பாவுக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி அந்த விலாசங்கள் இருக்கிற ஒகாயாமா பக்கம் போய், மூன்று தபால் நிலையத்தில் பிரித்துப் போட்டேன். இவ்வளவு சாமர்த்தியத்தை நான் படிப்பில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

பதினெட்டாவது பெயரில் மட்டும் கை நிற்கவில்லை. ஷிகேனோ மியோ என்று எழுதி முடித்தபோது வேறு ஏதோ கிளம்பிவிட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் நாலு கோலில் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம், முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது எதிராளி பந்தோடு தனியாக ஓடினான். எங்கள் ஆட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஜனங்கள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். குனி மட்டும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அறுபது மீட்டர் துரத்திப் போய்ப் பந்தை வெளியே தள்ளினார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. புருஷனிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? மியோவின் பெயரில் சொல்லிவிட்டேன். “நீங்கள் அன்று ஓடியதைப் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருக்கும்போது ஓடுகிறவரைத்தான் எனக்குப் பிடிக்கும். உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பெருமை.”

பிப்ரவரி பதினெட்டாம் தேதி பட்டியல் வந்தது. ஹயாசே ஷுன்தாரோ, அறுநூற்று முப்பத்தெட்டு. ஆறாவது இடத்தில் இசோபே குனிஹிரோ, நாற்பத்துமூன்று.

குனி இரண்டு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. உடை மாற்றும் அறையில் எல்லாரும் கை தட்டினார்களாம். பெட்டிகளைப் பாயில் பரப்பி, ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார், எனக்கும் படித்துக் காட்டினார். என் எழுத்தை எனக்கே. நான் “அப்படியா, அடேயப்பா” என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். மியோவின் சீட்டு வந்தபோது சத்தமாகப் படிக்கவில்லை. படித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். பிறகு பர்சில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஷுன் வந்திருந்தார். தனக்கு வந்ததையெல்லாம் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்கும் அனாதை விடுதிக்கும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு வந்த சீட்டுகளைப் படிக்கவே முடியாது, கிளப் ஒரு நன்றி வீடியோ எடுத்துப் போட்டுவிடும். “உனக்கு நாப்பத்துமூணு பேரோட பேரும் தெரியுது குனி. எனக்கு ஒருத்தர் பேரும் தெரியாது,” என்றார். அப்புறம் நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, நாம ரெண்டு பேர்தான மிச்சம், இன்னும் ஒரு வருஷம் சேர்ந்து ஆடலாமே என்று ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனார். அவருக்கென்ன, அவருடைய முழங்கால் முழங்காலாக இருக்கிறது.

விஷயம் எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தது, முழுசாக ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அவர் பாட்டுக்குக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. எப்படிச் சொல்வேன்? இருபத்தேழாம் தேதி பால்கனியில் நின்று, போனில் நகாதோக்காரரிடம் பேசினார். பார்க்கவே முடியாத ஆளுக்குத் தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து, இன்னும் ஒரு வருஷம் ஆடுகிறேன் என்றார். முழங்கால் என்னாவது என்று கத்தினேன்.

“நாப்பது பேர் பாத்துக்கிட்டிருக்காங்க கனாயே. அவங்களுக்கு ஒரு வார்த்தகூடச் சொல்லாம ஓடிப்போனா அது மனுஷத்தனமா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போது போன் பண்ணியிருந்தால்கூட அந்த வேலை கிடைத்திருக்கும். நான் வாயைத் திறந்தேன், சோறு ஆறுது என்றேன். பாவி நான், வேறென்ன சொல்ல. இரண்டு நாளில் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தாலும் என் குட்டு வெளிப்பட்டிருக்காது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள், மார்ச் பதினாலை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. சாக்லேட் வாங்கின ஆம்பளை அன்றைக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும். அறுநூறு வந்தவருக்கு வீடியோ போதும். நாற்பத்துமூன்று வந்தவர் உட்கார்ந்து எழுதுவார். அதிலும் என் வீட்டுக்காரர், அறுபது மீட்டர் துரத்திப் போகிற ஜென்மம். நான் வேலை முடிந்து வந்தபோது மேஜை மேல் ஒரு மிட்டாய் டப்பாவும் ஒரு கடிதமும் இருந்தன. மூன்று நாள் சாயங்காலமாக, நான் வேலையில் இருந்த நேரத்தில் எழுதினாராம், எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. எல்லாமே கையெழுத்து, ஒவ்வொன்றும் வேறு வேறு. நான் தபாலில் சேர்த்துவிடுகிறேன், கொடுங்கள் என்றேன். இது உனக்குக் காட்ட மாதிரிக்கு வைத்தது, மத்தியானமே கூரியர்க்காரன் வந்து எடுத்துப் போய்விட்டான் என்றார்.

ஒரு வாரத்தில் திரும்ப ஆரம்பித்தது. “விலாசத்தில் ஆள் இல்லை” என்று முத்திரை குத்தி முதலில் நாலு, பிறகு ஏழு, பிறகு பதினொன்று. கிளப்பிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வீடு மாறியிருப்பாங்க போல என்றார். இரண்டு வயதானவர்கள் மரியாதையாகக் கடிதம் போட்டிருந்தார்கள். எங்கள் மகள் கல்யாணமாகி ஹொக்கைதோவில் இருக்கிறாள், கால்பந்து பார்ப்பதில்லை, ஏதோ தவறு நேர்ந்திருக்கும், மிட்டாய் மிக நன்றாக இருந்தது என்று. குனி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அன்றைக்குக் குளியலறையில் பாட்டு இல்லை.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்து வந்து, ஷூவைக் கழற்றி, ஒரு கவரை மேஜை மேல் வைத்தார். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

“உன் நடுநிலைப் பள்ளிக்கூடம் பேரு என்ன?” என்று கேட்டார்.

கவரை எடுத்துப் பார்த்தேன். ஷிகேனோ என்று இருந்தது. அழகான பழைய காலத்து எழுத்து, மியோவின் அம்மா எழுதியிருந்தார். மியோ பதினொரு வருஷத்துக்கு முன்னால் ரத்தப் புற்றில் இறந்துவிட்டாள். இருபத்துநாலு வயது. பதினொரு வருஷத்தில் அவள் பெயர் எழுதின ஒரு தபாலும் வரவில்லை, இப்போது வந்தது. தபால்காரர் பெயரைச் சத்தமாகச் சொன்னபோது அம்மா வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். மிட்டாயைப் பூஜை மாடத்தில் மகள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். “அவள் பெயரும் இந்த விலாசமும் சேர்ந்து அச்சானது நடுநிலைப் பள்ளி ஆல்பத்தில் மட்டும்தான், அதனால் அவள் பெயரில் உங்களுக்குச் சாக்லேட் அனுப்பியது அவளுடைய பள்ளித் தோழி யாரோ என்று நினைக்கிறேன். மூன்றாம் வருஷம் இரண்டாம் பிரிவில் அவளுக்கு அப்படி ஒரு தோழி இருந்தது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் நன்றி சொல்லுங்கள். மியோவுக்குப் பதிலாக நான் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஆட்டத்துக்கு வருகிறேன்.”

தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆல்பம், ஆறு பேனா, இடது கை, அப்பாவின் இடுப்பு வலி. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எத்தன?”

“நாப்பத்தொண்ணு.”

“அப்ப எங்கம்மா, தரை துடைக்கிற அம்மா,” என்றார். “போன வருஷம் மாதிரியேதான்.”

பர்சிலிருந்து மியோவின் சீட்டை எடுத்து, கிழித்துவிடுவார் என்று நினைத்தேன், மேஜை மேல் வைத்தார். இருபத்தேழாம் தேதி ஏன் சொல்லவில்லை என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நீங்கள் பாடினீர்கள் என்றேன். அது அவருக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. பன்னிரண்டாம் தேதி அந்த அம்மாவிடம் நேரில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து, என்றார். சரி என்றேன்.

பன்னிரண்டாம் தேதி ஆடுகிறவர்கள் பட்டியலில் குனி இல்லை. பெஞ்சில்கூட இல்லை. ஆடாத ஆட்கள் கிளப் உடையில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எங்கள் கிளப்பில் வழக்கம். அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்த இடம்தான் அருமை. பக்கத்திலேயே ஆளுயரத்துக்கு ஷுனின் அட்டை உருவம். அந்த அட்டையோடு நின்று போட்டோ எடுக்க நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். உயிரோடு நின்ற என் புருஷனுக்கு முன்னால் ஒருவருமில்லை. “கொஞ்சம் நகருங்க, போட்டோவுல விழுறீங்க,” என்று ஒரு பெண் அவரிடம் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டு நகர்ந்துகொண்டார்.

நான் மன்னிப்புக்கென்று வாங்கின இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்த அம்மா வந்தார். குட்டையாக, வெள்ளைத் தலை, முதுகில் சின்னப் பை. குளிர்கால ஸ்வெட்டருக்கு மேலே இருபத்தாறாம் எண் சட்டை போட்டிருந்தார். கடையில் இருப்பில்லையாம். அச்சடித்துத் தருகிறோம், நேரமாகும் என்றார்களாம். முக்கால் மணி நேரம் நின்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மைதானத்தில் இரண்டாவது இருபத்தாறு.

குனி குனிந்தார், நான் அதற்கும் கீழே குனிந்தேன். வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். அந்தச் சாக்லேட்டை மியோவின் பெயரில் அனுப்பியது நான்தான், நான் இவருடைய மனைவி, என்றேன். ஆல்பத்திலிருந்து விலாசத்தைப் பார்த்துப் பெயரைத் திருடினேன் என்று அடுத்த வரி. அதைச் சொல்வதற்குள் அவர் என் கையைப் பிடித்துவிட்டார். இனிப்புப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தார்.

“நீதானாம்மா? நீ மியோவோட சிநேகிதியா?”

முந்தின நாள் ஆல்பத்தில் மியோவின் போட்டோவைப் பார்த்து வைத்திருந்தேன். மூன்றாவது வரிசை, ஓரம். எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு ஒன்றுமே நினைவு வரவில்லை. அவள் குரல், எந்த மேஜை, எதுவும். ஒரு வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு வருஷம் ஒருவரும் வந்து பார்க்கவில்லை, என் பெண்ணுக்கு ஒரு சிநேகிதிகூட இல்லையோ என்று அதுதான் எனக்குத் தீராத வருத்தம் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கையை விடவில்லை.

“ஆமாம்மா,” என்றேன். “பக்கத்துப் பக்கத்துலதான் உக்காருவோம்.”

சொல்லியாகிவிட்டது. அப்புறம் நிறுத்த முடியுமா? உன்னைப் பற்றி அவள் சொன்னதே இல்லையே என்றார். அந்த வருஷமே எங்களுக்கு வேறு ஊராகிவிட்டது என்றேன், அது உண்மை. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவில் இருக்கிற முட்டைச் சுருளை அவள் எடுத்துக்கொள்வாள், அவள் டப்பாவில் இருக்கிற கேரட்டை எனக்குத் தள்ளிவிடுவாள் என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். ஆமாம், முட்டை என்றால் அவளுக்கு உயிர் என்றார். எந்தப் பிள்ளைக்குத்தான் உயிர் இல்லை? எனக்கும் கண்ணீர் வந்தது, அது வேஷமில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது குனி கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முழுக்க அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஷுன் கோல் அடித்தபோது ஊரே எழுந்து குதித்தது, எங்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் எப்போது இறங்குவார் என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்றேன்.

“பரவாயில்ல, அடுத்த ஆட்டத்துக்கு வரேன். அவர் இறங்குற வரைக்கும் வருவேன்.” என் முழங்கையைத் தட்டினார். “மியோ சார்புல நான் இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லும்மா.”

இப்போது உண்மையாகவே ஒரு ஆள் வந்துவிட்டார். இனி அந்த முழங்கால் எங்கே நிற்கும்? டிசம்பர் வரை ஓடும். மூன்று மணி நேரம் ரயிலில் வருகிற அம்மாவுக்காக ஓடும். நகாதோவில் வேறு யாரோ மீன் கேக் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். குனி பக்கத்தில், காலை நீட்டி, முழங்கால் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆடாத நாளிலும் வீங்குகிறது. ஏரிக்கரைச் சாலையில் சிவப்பு விளக்கில் நின்றோம். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லையே என்று கேட்பார், பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்தச் சீட்டுல எழுதினியே. தோத்துக்கிட்டிருக்கும்போது ஓடுறவரைத்தான் பிடிக்கும், பெருமையா இருக்குன்னு. அது?”

“அது நிஜங்க,” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “நாப்பத்தொண்ணுல அது ஒண்ணுதான் நான் மனசார எழுதினது.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபமில்லை, வெறுப்பில்லை. நம்ப ஆசைப்பட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

“முட்டைச் சுருளைப் பத்தி அந்தம்மாகிட்ட சொன்னப்பவும் உன் முகம் இப்படித்தான் இருந்துச்சு,” என்றார்.

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன் அடிக்காமல் காத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்குக் கீழே நிறுத்தி, அவருடைய பையையும் கொடுக்காமலே போன இனிப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். முதல் படியில் அவர் நின்று மூச்சை இழுத்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன். அவர் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.